தேர்வுப் பதற்றம் உள்ளவர்கள் உடற்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சி செய்தால் ஞாபகசக்தி கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு கடுமையாகச் செய்ய வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. தேர்வை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிற மாணவருக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

நாக்குத் தள்ளும்வரை ஓடினால்தான் பலன் என்று நம்புவது முதல் தவறு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தேர்வுக் காலத்தை ஒட்டி 6 வாரம் கவனித்தார்கள். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. நிதானமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும் குறைந்தது, உடலில் அழற்சியின் (உடலுக்குள் ஏற்படும் வீக்க எதிர்வினையின்) அறிகுறியும் குறைந்தது. கடும் பயிற்சி செய்தவர்களுக்கோ மனச்சோர்வு ஓரளவு குறைந்தாலும், மன அழுத்தமும் அழற்சியும் கூடின. தேர்வு நெருக்கடி ஒரு பக்கம், கடும் பயிற்சி இன்னொரு பக்கம் என்றால் உடம்புக்கு இரண்டும் சுமைதான்.

அந்த ஆய்வு அளந்தது மனநிலையை, ஞாபகத்தை அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அழுத்தம் ஏறும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், படித்ததை நினைவிலிருந்து எடுப்பதைத் தடுக்கும். தேர்வறையில் வராத விடை, வெளியே வந்ததும் பளிச்சென்று நினைவுக்கு வருவது இப்படித்தான். போதாக்குறைக்கு, கணக்கு போடும்போது மனதில் எண்களை வைத்திருக்க வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

"வேகமாக ஓடினால் சொற்கள் சீக்கிரம் மனப்பாடம் ஆகும்" என்ற செய்தியையும் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். அது பொய்யல்ல. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் 2007இல் வந்த ஆய்வில், 3 நிமிட வேக ஓட்டம் இருமுறை ஓடியவர்கள் புதுச் சொற்களை 20 சதவீதம் வேகமாகக் கற்றார்கள். ஆனால் அவர்கள் ஆரோக்கியமான 27 பேர். பதற்றம் உள்ளவர்களைத் தேடி எடுத்த ஆய்வு அல்ல அது.

மெதுவான பயிற்சியை மட்டமாக நினைப்பதும் தவறுதான். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வில் (2018), வெறும் 10 நிமிடம் மிக லேசாக சைக்கிள் மிதித்த இளைஞர்கள் ஒன்றுபோல் தோன்றும் படங்களை நினைவில் வைத்து நன்றாகப் பிரித்தறிந்தார்கள்.

அளவு தெரிய வாட்ச் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். இதயத் துடிப்பின் எண்ணிக்கையில் வேண்டுமென்றால், 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 64 முதல் 76 சதவீதம். 17 வயதுக்கு நிமிடத்துக்குச் சுமார் 130 முதல் 154 துடிப்பு.

எதிர்முனைத் தவறை அநேகமாகப் பெற்றோர்தான் செய்கிறார்கள்: தேர்வு முடியும்வரை விளையாட்டே வேண்டாம் என்பது. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதும் இதே கணக்கில்தான் சேரும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகத் தூக்கத்தை வெட்டவும் கூடாது. படித்தது மூளையில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும்.

கடும் பயிற்சியே ஆகாது என்று நினைக்க வேண்டாம். இதயம் படபடத்தாலே பயந்துபோகிறவர்கள், ஓடும்போதும் அதே படபடப்பு வந்து தானாக அடங்குவதைப் பார்த்துப் பழகினால் அந்தப் பயம் குறையும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, விடுமுறையில் தொடங்கலாம். தேர்வுக்கு முந்தின வாரம் அதற்கான நேரம் அல்ல. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் பதற்றம் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.