ஆப்-ஆம்ப் இன்புட்டைக் காப்பாற்ற ஒரு ரெசிஸ்டர், இரண்டு டயோடு

டெர்மினல் பிளாக்கில் பிரஷர் சென்சார் வயரை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் பக்கத்து 24 வோல்ட் ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டது. அரை நொடிகூட இருக்காது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் சென்சார் சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசியான எம்சிபி6002 அதற்கப்புறம் அவுட்புட்டில் 5 வோல்ட்டையே காட்டிக்கொண்டு நின்றது. மேலே விரல் வைத்தால் சுட்டது. ஐசி போனதுகூடப் பெரிதில்லை, அதைக் கழற்றி மாற்றுவதிலேயே ஒரு சாயங்காலம் போனது.

படி 1: டேட்டாஷீட்டைத் திறங்கள்

"அப்சல்யூட் மேக்ஸிமம்" (தாண்டவே கூடாத உச்ச அளவுகள்) அட்டவணையில் இரண்டு வரி போதும். எம்சிபி6002-க்கு இன்புட் பின்னில் போகலாம் என்று அனுமதித்த கரண்ட் 2 மில்லி ஆம்பியர். சப்ளைக்கு உச்சம் 7 வோல்ட். இன்புட் வோல்டேஜ் சப்ளையைத் தாண்டினால் ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு திறந்துகொள்ளும். அதன் வழியே எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பதில்தான் ஐசியின் ஆயுள் இருக்கிறது.

படி 2: ரெசிஸ்டர் கணக்கு

சென்சார் வயருக்கும் ஐசி பின்னுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். தப்பித்தவறி 24 வோல்ட் வரலாம், சப்ளை 5 வோல்ட், டயோடில் 0.6 வோல்ட் விழும். மீதி 18.4 வோல்ட் ரெசிஸ்டர் தலையில். கரண்ட் 1 மில்லி ஆம்பியருக்குள் நிற்க 18.4 கிலோ ஓம் வேண்டும். கடையில் கிடைப்பது 22 கிலோ ஓம். அதைப் போட்டால் 0.84 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் சூடாவது 15 மில்லிவாட், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

இதனால் அளவீட்டில் பிழை உண்டா? எம்சிபி6002-இன் பயஸ் கரண்ட் (இன்புட் பின்னில் எப்போதும் ஓடும் சிறு கரண்ட்) சுமார் 1 பிகோ ஆம்பியர் என்பதால் இல்லை என்றே சொல்லலாம். எல்எம்358 என்ற வேறொரு ஆப்-ஆம்ப் என்றால் 45 நானோ ஆம்பியர். அதே 22 கிலோ ஓமில் 1 மில்லிவோல்ட் பிழை தரும்.

படி 3: டயோடுகள்

இரண்டு 1என்4148. ஒன்றின் கறுப்புப் பட்டை 5 வோல்ட்டுக்கு, மறுகால் பின்னுக்கு. இன்னொன்றின் பட்டை பின்னுக்கு, மறுகால் கிரவுண்டுக்கு. இரண்டு பட்டையும் மாறினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் டயோடு வழியே ஒட்டிக்கொள்ளும், பார்த்து. ரெசிஸ்டர் சென்சார் பக்கம், டயோடுகள் ஐசி பக்கம். டயோடுக்கும் பின்னுக்கும் நடுவே இன்னொரு 1 கிலோ ஓம் போட்டால் உள் டயோடுக்குப் பங்கு மிகக் குறைவாகவே போகும்.

குறைந்த வோல்டேஜிலேயே திறக்கும் ஷாட்கி டயோடு நல்லதென்று பிஏடி54 போட ஆசை வரும். அதன் லீக்கேஜ் (மூடியிருக்கும்போதும் கசியும் கரண்ட்) 2 மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம். 22 கிலோ ஓமில் அது 44 மில்லிவோல்ட்! சென்சார் அளவீட்டுக்கு நான் போடமாட்டேன்.

படி 4: அந்தக் கரண்ட் எங்கே போகிறது?

புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. மேல் டயோடு 0.84 மில்லி ஆம்பியரை 5 வோல்ட் லைனில் கொட்டுகிறது. 5 வோல்ட்டை நிலையாகத் தரும் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்டைக் கொடுக்கத்தான் தெரியும், திரும்ப வாங்கத் தெரியாது. எம்சிபி6002-இன் இரண்டு ஆம்பும் சேர்ந்து குடிப்பதோ சுமார் 0.2 மில்லி ஆம்பியர். மீதியைக் குடிக்க ஆளில்லை என்றால் 5 வோல்ட் மெல்ல 7-ஐ நோக்கி ஏறும். ஆகவே அந்த லைனில் 1 கிலோ ஓமுடன் ஒரு சிவப்பு எல்இடி வையுங்கள். அது 3 மில்லி ஆம்பியர் குடித்துவிடும், பவர் விளக்காகவும் ஆகும்.

படி 5: சோதனை

ஐசியைச் செருகாமல் முதலில் 24 வோல்ட்டை இன்புட்டில் கொடுங்கள். ஐசியின் இன்புட் பின் வரும் இடத்தில் மல்டிமீட்டர் 5.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 24 தெரிந்தால் மேல் டயோடு இணையவில்லை. 24-ஐத் தலைகீழாகவும் கொடுத்துப் பாருங்கள், மைனஸ் 0.6 வரும். சரியாக இருந்தால் மட்டும் ஐசி. வீட்டு 230 வோல்ட்டை இதில் சோதிக்க வேண்டாம், இது அதற்கான சர்க்யூட் இல்லை.

கடைசியாக, இன்புட்டில் 24 இருக்கும்போதே 5 வோல்ட் சப்ளையைப் பிடுங்குங்கள். எல்இடி அணையாமல் மங்கலாக எரியும். சென்சார் வயர் வழியாக வந்த கரண்ட், டயோடைத் தாண்டி வந்து அதை எரியவைக்கிறது.