மொட்டை மாடி ரூமுக்கு ஒரு கேமிங் பிசி

"எந்த கிராபிக்ஸ் கார்டு எடுக்கலாம்ணா?"னு கேட்டு வர்ற தம்பிங்ககிட்ட நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: மானிட்டர் என்ன? பழைய 1080பி (படத்தோட தெளிவு), 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறுதுங்கறது) மானிட்டரை வச்சுக்கிட்டு கார்டுக்குக் கொட்டுற காசு கண்ணுக்கே தெரியாது. 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாம ஒண்ணை முதல்ல முடிவு பண்ணுங்க.

அதுக்கு ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டு என் சாய்ஸ். 16 ஜிபி மெமரி இருக்கு. டிஎல்எஸ்எஸ் (ஏஐ வச்சு ஃப்ரேமைக் கூட்டற என்விடியா வித்தை) வேணும்னா என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5070, ஆனா 12 ஜிபிதான். காசு அவ்வளவு இல்லையா, 5060 டிஐ. அதுல மட்டும் உஷார். ஒரே பேர்ல 8 ஜிபியும் வருது, 16 ஜிபியும் வருது. பெட்டியில என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு பர்ஸை எடுங்க.

பிராசசருக்கு எல்லாரும் ரைசன் 7 7800எக்ஸ்3டின்னு சொல்வாங்க. அதுல 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கற வேகமான மெமரி) இருக்கு, கேமுக்கு அருமையான சாமான். ஆனா 1440பியில பெரிய கேம் ஓடும்போது முதல்ல மூச்சு வாங்கறது கார்டுதான். ரைசன் 5 7600, ஒரு பி650 மதர்போர்டு போதும். மிச்சத்தைக் கார்டுல போடுங்க. ரெண்டு பிராசசரும் உட்கார்றது ஒரே ஏஎம்5 சாக்கெட்லதான், ஆசை விடலைன்னா அப்புறம் மாத்திக்கலாம். வாலரன்ட் மாதிரி லேசான ஷூட்டிங் கேம் மட்டும்தான் உயிர்னா கணக்கே வேற, அங்க பிராசசர்தான் முக்கியம், அதுக்கு எக்ஸ்3டி எடுக்கறதுல தப்பே இல்ல.

ரேம் டிடிஆர்5 6000, 16 ஜிபி ரெண்டு. பிராசசர்ல இருந்து எண்ணி 2, 4ஆவது ஸ்லாட்டுல போடுங்க. பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்போவை, அதாவது ரேமை முழு வேகத்துல ஓட்டற ஆப்ஷனை, ஆன் பண்ணலைன்னா வாங்கின வேகம் கிடைக்காது. ஸ்டோரேஜுக்கு எஸ்எஸ்டி 1 டிபி, பிசிஐஇ ஜென்4. அவ்வளவுதான்.

இனிமேதான் மெட்ராஸ் விஷயம். பெரம்பூர்ல என் ரூம் மொட்டை மாடியில, ஏசி கிடையாது. பிசி 400 வாட் இழுத்தா அத்தனையும் கடைசியில சூடா ரூம்லதான் இறங்கும். கத்திரி வெயில்ல உள்ள போற காத்தே கொதிக்குது. அதனால முன்பக்கம் கண்ணாடி வச்ச கேபினெட் வேண்டவே வேண்டாம். வலை போட்டது, முன்னாடி ரெண்டு ஃபேன், பின்னாடி ஒண்ணு. கலர் லைட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல "கேபினெட்டோட எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ சார்"னு இழுப்பாங்க. எஸ்எம்பிஎஸ்னா பிசிக்குக் கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை பெட்டி. சிரிச்சுட்டு நகருங்க. கார்டை விட்டா நான் பேரம் பேசாத ஒரே சாமான் எஸ்எம்பிஎஸ்தான்: 750 வாட், 80 பிளஸ் கோல்டு (கரண்டை அதிகம் வீணாக்காததுக்கான தரச் சான்று), வாரண்டி நீளமா இருக்கணும். கரண்ட் போய்ப் போய் வர்ற ஏரியால வீட்டுல கிடக்கிற 600 விஏ யுபிஎஸ்ஸை நம்பாதீங்க. பெரும்பாலும் அது தாங்கறது 360 வாட்தான். கேம் நடுவுல கரண்ட் போனா பிசியும் சேர்ந்து போகும். ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தர்ற யுபிஎஸ்), 1000 விஏவுக்கு மேல பாருங்க.

பில் இல்லாம விலை குறைச்சுத் தர்றேன்னா மயங்காதீங்க. 18 சதவீத ஜிஎஸ்டி போனாலும் போகுது, சீரியல் நம்பரோட பில் வேணும். நாளைக்கு வாரண்டிக்கு நிக்கும்போது கேட்கப் போறது அதைத்தான்.

வீடு பழசா இருந்தா பவர் ஆன் பண்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்ல எர்த் இருக்கான்னு பார்த்துருங்க. கேபினெட்டைத் தொட்டா கை ஜிவ்வுங்குதுன்னா பெரும்பாலும் எர்த் இல்லை, இல்லைன்னா சரியில்லைன்னு அர்த்தம்.