லினன் பெட்ஷீட் வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

ராத்திரி முதுகு நனைந்து எழுந்திருப்பவர்கள், புது பெட்ஷீட் தேடுவதற்கு முன் பழையதைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெத்தை கெடக் கூடாது என்று வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டர் போட்டிருந்தால், புழுக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அதிலுள்ள பிளாஸ்டிக் படலம் வியர்வையைக் கீழே விடாது. மேலே எவ்வளவு விலையுள்ள லினனை விரித்தாலும் நனைந்து அப்படியே கிடக்கும். குழந்தை படுக்கும் இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் பருத்தி ப்ரொடெக்டர் போடுங்கள்.

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டு நார். பருத்தியைவிட விறைப்பானது என்பதால் துணி உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும்; அந்த இடுக்கில் காற்று ஓடும். கோரைப் பாயில் படுத்தால் முதுகு வேகாமல் இருக்கிறதே, அதே கணக்குதான். வியர்வையையும் நன்றாக வாங்கும். நூல் வியாபாரத்தில், காய்ந்த நூலின் எடையில் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று வைத்திருக்கும் கணக்கு லினனுக்கு 12 சதவீதம், பருத்திக்கு 8.5, பாலியஸ்டருக்கு வெறும் 0.4.

கடையில் முதலில் காதில் விழுவது 'த்ரெட் கவுண்ட்', அதாவது ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் என்பது. லினனில் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். நூல் தடிமன் என்பதால் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். 400, 600 என்று போட்டிருந்தால் அது லினனே இல்லை என்று சந்தேகப்படலாம். கேட்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது. உடம்புச் சூடு அதிகம் உள்ளவர்களுக்கு 150 முதல் 175 வரை சரி. 190-க்கு மேல் போனால் கனக்கும், காயவும் நேரமாகும். 130-க்குக் கீழே என்றால் முழங்கை படும் இடத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

லேபிளில் ஜிஎஸ்எம் இல்லையா? சமையலறைத் தராசு போதும். 90க்கு 108 அங்குல ஷீட்டின் பரப்பு சுமார் 6.27 சதுர மீட்டர். எடை 1,060 கிராம் காட்டினால், 1,060-ஐ 6.27-ஆல் வகுக்க, ஏறக்குறைய 169. தலையணை உறையை எடுத்துவிட்டு ஷீட்டை மட்டும் எடை போடுங்கள்.

'லினன் ஃபீல்', 'லினன் லுக்' என்றெல்லாம் எழுதியிருப்பது பெரும்பாலும் திட்டுத்திட்டான நூலில் நெய்த பருத்தியோ பாலியஸ்டர் கலவையோதான். லேபிளில் '100% லினன்' அல்லது '100% ஃப்ளாக்ஸ்' என்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தையல் ஓரத்தில் துணியின் நூல் ஒன்றை (தையல் நூலை அல்ல) உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையோடு பொடிச் சாம்பலானால் பாலியஸ்டர் கிடையாது. உருகிக் கறுத்த மணியாகச் சுருண்டால் கலப்படம். பருத்தியும் காகிதம் போலத்தான் எரியும் என்பதால் இந்தச் சோதனை லினனையும் பருத்தியையும் பிரித்துக் காட்டாது. அதற்கு நூலை இழுத்து அறுத்துப் பாருங்கள்: பருத்தியின் நுனி பஞ்சாகப் பூக்கும், லினன் நுனி நீண்டு கூராக நிற்கும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன்பே துவைத்துச் சுருக்காத லினன் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 90க்கு 108 ஷீட், துவைத்ததும் 85.5க்கு 102.6 ஆகிவிடும். 60க்கு 78 குயின் மெத்தை 6 அங்குல உயரம் என்றால், சுற்றிலும் செருக 6 அங்குலத்துக்கு மேல் மிஞ்சும், கவலையில்லை. மெத்தை 10 அங்குலம் என்றால் பக்கவாட்டில் மூன்று அங்குலம்கூட மிஞ்சாது, ராத்திரியோடு உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்கு 'ப்ரீ-வாஷ்ட்' அல்லது 'ஸ்டோன்வாஷ்ட்' என்று போட்டதை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும். ஆனால் முதல் நாளே சொரசொரப்பு குறைவாக இருக்கும்.

துவைக்கும்போது தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். மெஷினைப் பாதி மட்டும் நிரப்புங்கள். வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர் நாரின் மேல் படிந்து, வியர்வையை வாங்கும் குணத்தையே கெடுத்துவிடும்; நல்ல லினனைப் பாழாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. முதல் சில துவைப்புகளில் தூசு போல நார் உதிர்வது சகஜம். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டால் அந்தக் கோட்டிலேயே நார் முறிந்து கிழியும். கசங்கல் லினனின் பிறவிக் குணம், உதறி விரித்தால் போதும்.

விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் சென்னிமலைக் கைத்தறிப் பருத்தி விரிப்புகளில் மெல்லியதாக, சாதா நெசவில் உள்ளதை எடுங்கள். பளபளக்கும் சாட்டின் நெசவு வேண்டாம். அடர்த்தியாகப் படிந்து உடம்போடு ஒட்டும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் இரவில், ஃபேன் இல்லாமல் லினனாலும் வியர்வையைக் காயவைக்க முடியாது. காற்று கட்டில் மட்டத்துக்கு வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.