உப்பு பிஸ்கட் தூளில் கட்லெட்: எங்கே தப்பு நடக்கிறது?

வேலூரில் சாயங்கால டீக்கு வாங்கும் உப்பு பிஸ்கட்டில் கால் பாக்கெட்டாவது டப்பாவில் மிஞ்சிக் கிடக்கும். அதை நொறுக்கிக் கட்லெட்டுக்குப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான். ஆனால் அதை ரஸ்க் தூள் மாதிரியே நினைத்துவிடக் கூடாது.

ரஸ்க்கில் இனிப்பு, இதில் உப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று இருந்தால், 2.5 ஆல் பெருக்க வேண்டும். அதாவது 2 கிராம் உப்பு. நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு வேகும்போது ஒரு தரம், மசாலாவில் ஒரு தரம் உப்புப் போட்டுவிட்டு, மேலே இந்தத் தூளையும் பிரட்டினால் வாயில் வைக்க முடியாது. நான் பாதி உப்போடு நிறுத்திக்கொண்டு, நெல்லிக்காய் அளவு ஒன்றைத் தூளில் பிரட்டிப் பொரித்து ருசி பார்த்த பிறகுதான் மீதியைச் சேர்ப்பேன்.

அடுத்தது மிக்ஸி. ஒரு சுற்று கூடினாலும் மாவாகிவிடும். உள்ளே பிடிப்புக்கு மாவு சரி. மேலே மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கடுகு அளவு நொறுங்கல் வேண்டும். கவரில் போட்டுச் சப்பாத்திக் கட்டையை நாலு தரம் உருட்டினால் போதும்.

நம்ம ஊர் முள்ளுக் கத்தரிக்காயையும் இப்படிப் பொரிக்கலாம். வட்டமாக நறுக்கி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பிரட்டினால் எண்ணெயில் தூள் தனியே, காய் தனியே போய்விடும். எண்ணெய் நன்றாகக் காயாமல் போட்டாலும் அத்தனையும் குடித்துவிடும்.

“இனிப்பு இல்லையே, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாம்” என்று பலரும் சொல்வது எனக்குக் கவலை தருகிறது. இந்த பிஸ்கட் பெரும்பாலும் மைதா. நார்ச்சத்து குறைவு, மாவுச்சத்து உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும். 100 கிராமில் 400 கலோரிக்கு மேல் இருக்கும். உப்பும் இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம், நமத்துப்போனதை வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். காறல் வாடை அடித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நம் சித்திரை வெயிலில் திறந்த பாக்கெட் சீக்கிரமே காறிவிடும்.