களிமண் தடத்துக்குப் புதியவர்களை அழைத்துப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

மரினா பே இரவுப் பந்தயம் 2008இல் வந்த பிறகு, நம் சிங்கப்பூரில் கார் பந்தயம் என்றாலே ஃபார்முலா ஒன்தான். அதற்கு முன்பு, 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் நடந்த கிராண்ட் பிரீயைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுமே தார்ச்சாலைப் பந்தயங்கள். மண்ணில் ஓடும் பந்தயத்தைப் பார்க்க வேண்டுமானால் விமானம் ஏறத்தான் வேண்டும். பெர்த்துக்கு ஐந்து மணி நேரம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். நகருக்குத் தெற்கே குவினானாவில் இருக்கும் பெர்த் மோட்டார்ப்ளெக்ஸில், ஆஸ்திரேலியாவின் கோடைக்காலத்தில் ஸ்பிரிண்ட் கார்கள் ஓடுகின்றன. தலைக்கு மேல் பெரிய இறக்கை வைத்த, களிமண் தடத்துக்கென்றே செய்த சிறிய பந்தய வண்டிகள் அவை. அதே வளாகத்தில் டிராக் பந்தயத்துக்கான, அதாவது வண்டிகள் நேர்கோட்டில் மோதும் வேகப்போட்டிக்கான, நேர்த்தடமும் உண்டு. அதனால் டிக்கெட் போடும் முன் அன்றைக்கு எது ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அக்கா குடும்பத்தை முதன்முறை கூட்டிப் போனபோது, விமானத்திலேயே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். இன்ஜின் அளவு, இறக்கையின் கோணம், டயர், அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடர், அதில் இருபது முறை பட்டம் வென்ற ஸ்டீவ் கின்சர். அக்கா பொறுமையாகக் கேட்டார். அவருடைய மகன் முதல் ஹீட், அதாவது முதல் தகுதிப் பந்தயம், முடிவதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டான். குறை அவனிடம் இல்லை. சுமார் 500 மீட்டர் நீளமுள்ள வட்டத்தில், ஒரு சுற்றை பதினான்கு விநாடிக்குள் முடிக்கும் வண்டிகளில் எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் நான் சொல்லவே இல்லை.

அடுத்த முறை ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: “ஒரு வண்டியைப் பிடிச்சுக்கோ. நிறம் பிடித்தாலும் சரி, எண் பிடித்தாலும் சரி. ராத்திரி முழுக்க அதை மட்டும் பார்.” இவ்வளவு போதும். அந்த வண்டி ஹீட்டில் ஏன் பின்னால் நின்றது, பி-மெயின் என்றால் என்ன என்ற கேள்விகள் தாமாக வரும். கேட்ட பிறகு சொல்லும் பதில்தான் மனதில் நிற்கும்.

அந்தக் கேள்விக்குப் பதிலும் தெரிந்திருக்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில் வேகமானவர் முன்னால் நிற்பார். மண் தடத்தில் பல இடங்களில் ஹீட் பந்தயங்களுக்கு வரிசையைத் திருப்பிப் போடுவார்கள். வேகமானவர் பின்னாலிருந்து முந்தி வர வேண்டும். ஹீட்டில் தேறாதவர்களுக்கு பி-மெயின். அங்கே முன்னால் வரும் சிலர் மட்டும் இறுதிப் பந்தயமான ஏ-மெயினின் கடைசி வரிசைகளில் போய்ச் சேர்வார்கள். இதைச் சொல்லாவிட்டால், “ஏன் சின்னச் சின்னதாக இத்தனை பந்தயம்?” என்று சலித்து, நல்லது வரும் முன்பே கிளம்பிவிடுவார்கள்.

வண்டி பக்கவாட்டில் சறுக்குவதைப் பார்த்ததும் புதியவர்கள் ‘கட்டுப்பாடு போய்விட்டது’ என்று நினைக்கிறார்கள். சிரிக்காதீர்கள், தார்ச்சாலைக் கண்ணுக்கு அது விபத்துதான். ஸ்பிரிண்ட் கார் ஓட்டுநரோடு சேர்த்து 650 கிலோ அளவுதான், சக்தியோ 900 குதிரைத்திறனை ஒட்டி வரும். வலப்புறப் பின்சக்கரம் இடப்புறத்தைவிடப் பெரியது, ஆகவே வண்டி தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஓட்டுநர் வாலைச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, வளைவை ஆக்ஸிலரேட்டரால் கடக்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளித்தான் கிளப்பும். அதைக் கண்டு ‘பழுதாகிவிட்டதா’ என்று கேட்காத புதியவரை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வண்டியை மட்டும் காட்டிவிட்டு மண்ணைக் காட்டாமல் விடுவது. ஊரில் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடு மாறாவிட்டாலும் ஓடும் தரை மாறினால் பந்தயமே மாறிவிடும். களிமண் தடத்தில் அந்த மாற்றம் ஒரே இரவில் நடக்கிறது. பகலில் தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போகும். முதலில் வண்டிகள் மெதுவாகச் சுற்றி மண்ணை அமுக்கிக் கொடுக்கும். அப்போது தரை ஈரமாக, டயரைப் பிடித்துக்கொள்ளும். வேகமான சுற்றுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். நேரம் ஆக ஆக உள்பக்கப் பாதை காய்ந்து, கறுத்து, பாலிஷ் போட்டதுபோல வழுக்கும். சக்கரங்கள் வாரி எறிந்த ஈர மண் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி வரப்புபோல் சேரும். அதற்கு ‘குஷன்’ என்று பெயர். அங்கே பிடி இன்னும் இருக்கும், ஆனால் ஓரடி தப்பினால் சுவர்தான். கீழே சுருக்கமான வழுக்குப் பாதையா, மேலே தூரம் அதிகமான பிடிப்புள்ள பாதையா? ஓட்டுநர் இதை ஒவ்வொரு வளைவிலும் முடிவு செய்கிறார். உங்கள் விருந்தினரிடம் சாயங்காலமே தடத்தின் நிறத்தைக் காட்டிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மறுபடியும் காட்டுங்கள். அதன் பிறகு அவர்களே “மேலே போறான் பாருங்க” என்று சொல்லத் தொடங்குவார்கள்.

உட்காரும் இடத்திலும் கவனம் வேண்டும். ஃபார்முலா ஒன் பழக்கத்தில் வேலிக்குப் பக்கத்தில் இடம் தேடாதீர்கள். வளைவின் கீழ் வரிசைகளில் மண்கட்டி பறந்து வரும், முழுத் தடமும் தெரியாது. மேலே ஏறி உட்கார்ந்தால் குஷனும் தெரியும், நான்கு வளைவுகளும் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்கு மூக்குக்கண்ணாடியே அணியட்டும். பிள்ளைகளுக்குக் காதுக்கவசம் கட்டாயம் வேண்டும், இதில் சமரசமே கூடாது. பெர்த் என்றால் வெயில் என்று நினைத்து ஜாக்கெட் எடுக்காமல் வருகிறார்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் இருட்டியதும் காற்று குளிரும்.

கொடி விஷயத்தில் இரண்டு சொன்னால் போதும். மஞ்சள் என்றால் எல்லோரும் வேகம் குறைத்து மீண்டும் வரிசையில் சேர்வார்கள், முன்னவர் சேர்த்து வைத்த இடைவெளி போய்விடும். சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் தீ தெரியாத வண்டியை நோக்கி ஆட்கள் ஓடினால் புதியவர்கள் குழம்புவார்கள். எரிபொருள் மெத்தனால். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலானது. இரவு விளக்கிலும் எளிதில் தவறவிடலாம். இதைப் பதறாமல் எடுத்துச் சொல்லுங்கள், பயந்த முகங்கள் தெளியும்.

பழைய ரசிகர்களான நம்மிடம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. யாராவது “இது ஃபார்முலா ஒன் மெக்லாரன் மாதிரியா?” என்று கேட்டால் “இதுகூடத் தெரியாதா” என்ற தொனி வந்துவிடுகிறது. தெரிந்ததிலிருந்துதானே மனிதர்கள் தெரியாததுக்கு வருவார்கள். இப்படி வாய் அடைக்கப்பட்ட ஒரு நண்பர் அடுத்த பயணத்துக்கு வரவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஏ-மெயின் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடாதீர்கள். பந்தயத்துக்குப் பிறகு, குழுக்கள் வண்டிகளைப் பராமரிக்கும் பிட் பகுதிக்குள் பார்வையாளர்களை விடுகிறார்களா என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மண் தடங்களில் அது வழக்கம். இரண்டாவது பயணத்தில் அக்கா மகன், இரவு முழுக்கப் பின்தொடர்ந்த அந்த வண்டி அருகே போய் நின்றான். முகமெல்லாம் சேறாக இருந்த ஓட்டுநரிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி: “கடைசியில் ஏன் கீழ்ப் பாதைக்கு மாறினீர்கள்?” அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையில் விரலால் வளைவை வரைந்து காட்டத் தொடங்கினார்.