ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லையா? வேலூர் பக்கத்துக்காரர்களுக்குச் சில வழிகள்

எங்கள் சித்தப்பாவின் ஸ்பிளெண்டர் சந்தை வாசலில் திருடு போய் மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் போன் வந்தது. அந்த மூன்று நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய், பாரா நிற்கும் போலீஸ்காரரிடம் விவரம் சொல்லி, "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, சாயந்திரம் வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை, நம் மாவட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான். "சரி சித்தப்பா, கையில என்ன இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சட்டப்படி பார்த்தால் அவர் அந்த ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். திருட்டுச் செய்தி எங்களுக்கு எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலும் போலீஸ் தருகிற தகவலில் இருந்துதான். வழக்கே பதியவில்லை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று கணக்கு, கணக்கில் இல்லாதது செய்தியிலும் வராது. "புகாரை வாங்க மறுக்கிறார்கள், எழுதுங்க சார்" என்று மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் நாளைக்கே "இப்படி ஒரு ஆள் வரவே இல்லை" என்று மறுப்பு வந்தால் நான் எதைக் காட்டுவது? பத்திரிகை சுதந்திரம் பற்றி டெல்லியில் பெரிதாகப் பேசுகிறார்கள். என்னை மாதிரி ஊர் நிருபருக்கு அது நீங்கள் கொண்டுவருகிற சீல் வைத்த தாளில்தான் தொடங்குகிறது. அந்தத் தாளை வாங்குவது எப்படி என்றுதான் எழுதப் போகிறேன்.

முதலில் வாயால் சொல்வதை நிறுத்துங்கள். வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியது அவர்கள் கடமை என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தப் பேச்சை ரைட்டர் மேசை முன்னால் நின்று பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம். நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், இரண்டு பிரதி. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே எழுதுவார்கள், ஆனால் முக்கால் பக்கத்துக்கு "சமூகம் ஐயா அவர்கள்" என்று பணிவும், கால் பக்கத்துக்கு விஷயமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நேர்மாறு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன போனது, யார் பார்த்தது.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். திருடு போனதை "காணவில்லை", "தொலைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். தொலைந்தது என்றால் அது குற்றமே இல்லை, உங்கள் கவனக்குறைவு, அதற்கு எதற்கு வழக்கு? ஸ்டேஷனிலேயே "காணோம்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பில் மயங்க வேண்டாம். அடுத்தது, பொருளின் மதிப்பு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய பட்டியலில் இல்லை. அதனால் 14,000 ரூபாய் போனை வெறுமனே "ஒரு செல்போன்" என்று எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான். விலையை எழுதுங்கள், பில் இருந்தால் ஜெராக்ஸ் வையுங்கள். பொய் விலை வேண்டாம், அது வேறு வம்பு. மூன்றாவது, கடைசி வரி. "கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதோடு முடித்துவிடாமல், "வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகலை வழங்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

இனி சி.எஸ்.ஆர். விஷயத்துக்கு வருகிறேன், நம் ஊரில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள், சீல் இருக்கும், எண் இருக்கும், பார்க்க எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். அது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். வேறு. சித்தப்பாவுக்கு நான்காம் நாள் சி.எஸ்.ஆர். கிடைத்தது, ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஆனாலும் சி.எஸ்.ஆரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்குங்கள். "இந்தத் தேதியில் இவர் வந்தார்" என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாங்கிய கையோடு "எஃப்.ஐ.ஆர். எப்போ சார்?" என்றும் கேளுங்கள்.

போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கு, விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்யலாம். சாதாரணத் திருட்டும் அதில் அடங்கும். அதனால் "விசாரிச்சுட்டுப் பதியறோம்" என்றால் அது முழுப் பொய் என்று சண்டைக்குப் போகாதீர்கள், "டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாச்சா சார், எந்தத் தேதியில இருந்து 14 நாள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இருக்கிற பலம் கத்துவதற்கு இல்லை. பதிந்துவிட்டால் எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், டீ காசு என்று யாரும் கேட்கக் கூடாது. பாலியல் குற்றம் மாதிரி சிலவற்றைத் தவிர்த்து மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உத்தரவு வந்தது. தமிழ்நாடு காவல்துறை தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

"இது எங்க லிமிட் இல்ல" என்பது இன்னொன்று. காட்பாடி ரயிலில் வந்தவரிடம் பை போகிறது, சித்தூர் தாண்டும்போது போனதா, ஸ்டேஷனில் இறங்கும்போது போனதா அவருக்கே தெரியாது, ரயில்வே போலீஸ், லோக்கல் போலீஸ், ஆந்திரா என்று மூன்று பக்கமும் தள்ளுவார்கள். எல்லை எதுவாக இருந்தாலும் முதலில் போகிற ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அங்கே பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

அப்படியும் பதியவில்லையா, எஸ்.பி.க்குத் தபால் போடுங்கள். நேரில் போவதும் நல்லதுதான், புதன்கிழமைகளில் எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்குகிறார்கள், ஆனால் சட்டத்தில் இருக்கிற வார்த்தை தபால். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். எந்த எஸ்.பி. என்று பாருங்கள், 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் பழக்கதோஷத்தில் ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் வேலூருக்கே மனு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர்.

எஸ்.பி.யும் கண்டுகொள்ளவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் மனுப் போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு, ஸ்டேஷனில் கொடுத்த மனு, எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது எல்லாம் இணைக்க வேண்டும். அந்த ரசீது இல்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால், "முதலில் எஸ்.பி.யிடம் போனீர்களா?" என்ற கேள்வியிலேயே மனு நின்றுவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

புகார் கொடுக்கப் போகிறவர் கதை இது. கூப்பிட்டு அனுப்பப்படுகிறவர் கதை வேறு, அதில் தாள் இன்னும் முக்கியம். 2015 ஜூனில் ஒரு பெண் காணாமல் போன வழக்கில் பள்ளிகொண்டா போலீஸ் விசாரித்த ஆம்பூர் இளைஞர் ஒருவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனார். அடித்ததால்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள், ஆம்பூரே பற்றி எரிந்தது. அதற்குப் பிறகும் நம் பக்கத்தில் "சும்மா வந்துட்டுப் போப்பா" என்று போனில் கூப்பிடுவது நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அதே பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியாகக் கூப்பிட்டாலும் எழுத்தில்தான் கூப்பிட வேண்டும், பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் வீட்டில் யாருக்காவது மெசேஜ் அனுப்பி வையுங்கள்.

அந்த நேரம் எதற்கு என்றால், கேமராவுக்கு. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில், அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் இறந்தார்களே, அந்தச் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? கேமரா இருந்தது, இடமும் தாராளமாக இருந்தது, ஆனால் அன்றன்றைக்கே அழிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். ஆகவே உள்ளே ஏதாவது நடந்திருந்தால் அந்த வாரமே, இந்தத் தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று எஸ்.பி.க்கு ஒரு மனு, கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. ஒன்று. "விசாரணையைப் பாதிக்கும்" என்று மறுக்கலாம். மறுக்கட்டுமே, பதிவு இருக்கிறது என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

போலீஸ் மீதே புகார் என்றால் மாநில மனித உரிமை ஆணையம், ஒரு வருஷத்துக்குள், கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம் என்றும் ஒன்று 2013 சட்டத்தில் இருக்கிறது, தலைவர் கலெக்டர், உறுப்பினர் யார் என்றால் அதே எஸ்.பி.! மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்மவர்கள் இப்படி மொழிபெயர்த்துக்கொண்டார்கள். போட்டு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

என்னை மாதிரி எழுதுகிற தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம். பாலாற்று மணல் பற்றி எழுதினால் போன் வரும். "அதை எடுத்துடுங்க" என்றால் "எழுதிக் கொடுங்க சார், ஆபீஸுக்கு அனுப்புறேன்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வெளிவரும் முன்பே ஒன்றை அதிகாரிகள் தடுக்க முடியாது என்பது 1994-ல் நக்கீரன் வழக்கில், ஆட்டோ சங்கர் தொடர் விஷயமாகவே, தீர்ந்துபோன ஒன்று. வந்த பிறகு அவதூறு வழக்குப் போடலாம், அப்போது உண்மை என்பதோடு பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும், காட்டுவதற்கு மறுபடியும் தாள். செல்போனைப் பிடுங்கினால், எடுத்ததற்கு எழுதித் தருகிற மகஜர் கேளுங்கள். யார் சொன்னது என்பதைச் சொல்லாமல் இருக்கப் பத்திரிகையாளருக்குப் பொதுவான பாதுகாப்பு இங்கே இல்லை, பிரஸ் கவுன்சில் முன்னால் மட்டும்தான். அதனால் புகார் கொடுத்தவர் அனுப்பியதை எல்லாம் போனிலேயே வைத்திருக்காதீர்கள். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயர், தெரு, பள்ளி எதுவும் கூடாது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் குற்றம்தான்.

சித்தப்பா வண்டிக்கு எஸ்.பி.க்குத் தபால் போன ஒன்பதாம் நாள் எஃப்.ஐ.ஆர். வந்தது. இரண்டு மாதம் கழித்து வண்டியும் கிடைத்தது, ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் தூசி படிந்து நின்றது. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆர்.சி. ஒரிஜினல் வேண்டும் என்றார் வக்கீல். சித்தப்பா பதிலே பேசவில்லை. ஆர்.சி.யைக் காலம் காலமாக அந்த வண்டியின் டேங்க் கவரில்தான் வைத்திருந்தார், திருடியவன் கவரை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டான். இப்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் டூப்ளிகேட் ஆர்.சி.க்கு வரிசையில் நிற்கிறோம், அதற்கும் போலீஸிடம் ஒரு சான்று கேட்கிறார்கள்.