ஒரு சிட்டிகைத் தூளிலிருந்து மரப்பன்னம்

டைனோசர்கள் திரிந்த ஜுராசிக் காலத்திலேயே மரப்பன்னங்கள் (மரம்போல் உயரும் பன்னச்செடிகள், tree ferns) இருந்தன. இலங்கையின் நுவரெலியாப் பக்கம், பட்டிப்பொல, ஹக்கல பக்கத்து ஓடைக்கரைகளில் இன்றும் குடை விரித்து நிற்கின்றன. பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் உண்டாகும் தூள்போன்ற வித்தியிலிருந்துதான் (spore) வளர்க்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவில் இலையைக்கூடத் தொடாதீர்கள். தோட்டத்து ஓடையோர மரப்பன்னத்தில் ஓர் இலைத்துண்டு போதும்.

1. இலையின் அடிப்புறத்தில் வித்தி இருக்கும் பொட்டுகளைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் முற்றவில்லை. கிழிந்து கருத்திருந்தால் கொட்டிவிட்டது. பழுப்புதான் பதம். பொட்டுகள் கீழ்நோக்க வெள்ளைத்தாளில் மடித்து, உலர்ந்த இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சக்கை முதலில் உருண்டோடும். ஒட்டி நிற்கும் மெல்லிய தூளே வித்தி. சக்கையைக் கொட்டிவிடுங்கள், பூஞ்சணம் அதில்தான் பிடிக்கும்.

2. தேங்காய்த் தும்புத்தூள் இரண்டு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு. ஈரமாக்கி பிரஷர் குக்கரில் 20 நிமிடம் அவித்து, திறக்காமல் ஆறவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் மட்டும் போதாது, பாசி முந்திக்கொள்ளும். இந்தக் கலவையைப் பரப்ப, மூடியுள்ள, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது.

3. கத்தி முனையளவு தூளைப் பரவலாகத் தூவுங்கள். மேலே மண் போடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். நேர்வெயில் படாத ஜன்னலோரம் சரி.

4. சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். நுவரெலியாக் குளிரில் இன்னும் தாமதமாகும். அது மெல்ல மெல்ல நகத்தளவுகூட இல்லாத இதய வடிவத் தகடுகளாகும். பலருக்கும் பிழைக்கும் இடம் இதுதான். மாதக்கணக்கில் தகடு தகடாகவே நிற்கும், பன்னம் வராது. காரணம் தண்ணீர். தகட்டின் அடியிலுள்ள ஆண் அணுக்கள் முட்டையை நீந்தித்தான் சேர வேண்டும். மூடியில் வியர்த்திருந்தால் போதாது, தகடுகளே நனைய வேண்டும். கொதித்தாறிய தண்ணீரை ஸ்பிரே போத்தலில் நிரப்பி, மூன்று நாளுக்கொருமுறை தெளியுங்கள். மிக நெருங்கி முளைத்தவை பெரும்பாலும் ஆணாகவே நின்றுவிடும். அவற்றைச் சிறு கொத்துகளாகப் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

5. தகட்டின் பிளவிலிருந்து எழும் குட்டி இலைதான் உண்மையான கன்று. மூன்று நான்கு இலை வந்ததும் யோகட் கோப்பைகளில் நட்டு, மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, இரண்டு வாரத்தில் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். ஜனவரி, பெப்ரவரி உறைபனி முடியும்வரை வெளியே வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வெள்ளை நூல்போல் பூஞ்சணம் வந்தால் சுற்றுமண்ணோடு கரண்டியால் தோண்டி எறியுங்கள். சிறு கறுப்பு ஈக்கள் தெரிந்தால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அவற்றின் புழுக்கள் தகடுகளைத் தின்றுவிடும்.